முடிச்சூர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு

"…டிவின்னா சில நாள் போடவே மாட்டாங்க. பாத்ரூம் கதவுல வெச்சா என்னை வீட்டை விட்டே தொரத்திடுவாங்க. வாசக் கதவுன்னா கீரைக்காரம்மா வந்தாலும் திறக்கும், கூரியர் வந்தாலும் திறக்கும். அதனாலதான்ணா, எப்படி யோசிச்சாலும் ஃபிரிட்ஜ் கதவுதான் கரெக்ட். பால் பாக்கெட்டை எடுக்காம எங்க அம்மாவுக்கு விடியாது. ஒரு நிமிஷ வேலை, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் புடிங்க."

ஒரு நிமிஷ வேலை என்று அவன் சொன்னால் அன்றைக்கு என் வேலை அத்தனையும் போச்சு என்று அர்த்தம். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஏறினான், இறங்கினான், அளந்தான், மறுபடி ஏறினான். தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்கு ஜோடியாக ஒரு சின்னக் காந்தம். பெட்டி ஃபிரிட்ஜின் உடம்பில், காந்தம் கதவில். கதவு திறந்தால் இரண்டும் பிரியும். பிரிந்தால் ஜெர்மனியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி விளக்கு பச்சையாக எரியும். நம்மூர்க் காலை ஏழு மணிக்குள் பச்சை எரியாவிட்டால் சிவப்பு எரிந்து அவன் போன் அலறும். அவ்வளவுதான் விஷயம். பொருத்தி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் ஃபிரிட்ஜ் ஆடுகிற மாதிரி அவனுக்குத் தோன்றியது. காலுக்கு அட்டை வைக்கக் குனிந்தவன் பின்னாலிருந்த ஒயர் பழசாகிவிட்டதைப் பார்த்தான். ஒயரை மாற்றப் போனவன் சுவரில் இருந்த பிளக் பாயிண்டையே கழற்றிப் போட்டான்.

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் அம்மா, "ஏம்பா, நான் பால் எடுக்கலாமா, இல்ல கடையில போய்க் காபி குடிச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

அந்த அம்மாவைத் தெருவே டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைதான் ஸ்டூல் மேல் நின்றவன். எங்கள் வீடு இரண்டு வீடு தள்ளி. என் தொழில் குடிதண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின்களுக்கு சர்வீஸ். பொழிச்சலூரில் ஆரம்பித்து பம்மல், தாம்பரம், முடிச்சூர் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் நான். ஃபில்டரை மாற்றுகிற அரை மணி நேரத்தில் அந்த வீட்டுப் பேச்சு முழுக்கக் காதில் விழும். அழுக்கை அங்கேயே கொட்டிவிட்டு, நல்ல பேச்சாக இருந்தால் வீட்டுக்கு எடுத்துவந்து பெண்டாட்டியிடம் சொல்வேன். அப்படி நான் எடுத்துவந்ததில் பாதி டீச்சரம்மா வீட்டுப் பேச்சு.

அவனோடு முதன்முதலில் நின்று பேசியதும் மெஷின் விஷயமாகத்தான். லீவுக்கு வந்திருந்தான். நான் சர்வீஸ் முடித்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். குடிப்பான் என்று பார்த்தால், சட்டைப்பையிலிருந்து, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து டம்ளருக்குள் விட்டான்.

"தொண்ணூத்தி ரெண்டு காட்டுதுண்ணா. போன வருஷம் எழுபத்தி நாலு."

"குடிச்சிப் பாருங்க சார். நல்லாத்தான் கீது."

"நல்லா இருக்குன்னா எவ்ளோ நல்லா இருக்கு?"

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. 'சார்' வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். "சார்னு கூப்பிட்டா எனக்கு நானே மேனேஜர் மாதிரி தெரியுதுண்ணா, பயமா இருக்கு." அன்றிலிருந்து தம்பி என்றுதான் கூப்பிட்டேன். அந்த 'எவ்ளோ' எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சாம்பார் நல்லா இருக்கு என்று நான் சொன்னால் என் பெண்டாட்டி கரண்டியோடு நின்று, "எவ்ளோ?" என்பாள்.

லீவுக்கு வருகிறவர்கள் பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவருவார்கள். இவன் பெட்டியைத் திறந்தால் ஒயர், பேட்டரி, கண் சிமிட்டுகிற சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகள். உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே சுவரைத் தட்டுவான், ஸ்விட்சைப் போட்டு அணைப்பான், போனை எடுப்பான், வைப்பான். "பத்து நாள் லீவுல இவன் உக்காந்தது விமானத்துல மட்டும்தான்" என்பார் டீச்சரம்மா. "அங்கயும் பெல்ட்டு கட்டி வெச்சதால."

ஊருக்குத் திரும்பிய பிறகும் விடமாட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வருவான். அவனுக்கு அது காலை. மேசை முழுக்க ஏதாவது பிரிந்து கிடக்கும். ஒருமுறை இட்லி மாவைக் காட்டினான். அங்கே குளிரில் மாவு பொங்காதாம். அதற்காக ஒரு ஐஸ் பெட்டி வாங்கி, உள்ளே பல்லியும் பாம்பும் வளர்க்கிறவர்கள் கூண்டுக்கு அடியில் விரிக்கிற சூட்டுப் பாயை விரித்து, மூடியில் மாவு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு சென்சார் வைத்திருந்தான். மாவு ஏற ஏற அவன் போனில் ஒரு கோடு ஏறும்.

"ஆறரை சென்டிமீட்டர்ணா. இதுவரைக்கும் இவ்ளோ வந்ததே இல்ல."

"இட்லி எப்டி இருந்துச்சு தம்பி?"

அவன் பெட்டியை மெதுவாக மூடினான். "இட்லி இன்னும் ஊத்தலண்ணா. கோடு ஏறுனதைப் பாத்துக்கிட்டே பிரட்டு சாப்பிட்டுட்டேன்."

இன்னொரு நாள் வேறு கதை. அவன் இருக்கிற கட்டடத்தில் துணி துவைக்கிற மெஷின் எல்லோருக்கும் பொதுவாக நிலவறையில் இருக்கிறது. துவைத்து முடித்துவிட்டதா என்று நாலு மாடி இறங்கிப் பார்ப்பானேன் என்று, மெஷினின் நடுக்கத்தை வைத்துச் சொல்கிற ஒரு பெட்டியைச் செய்து அதன் மேல் ஒட்டினான். கீழ்வீட்டுக் கிழவி அதைப் பார்த்துவிட்டு, எங்களை வேவு பார்க்க எவனோ வைத்திருக்கிறான் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டாள். இவன் போய் மன்னிப்புக் கேட்டு, அது என்னவென்று விளக்கிச் சொன்னான். மறுவாரம் அதே கிழவி, தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னாளாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்குக் கஷ்டம். அங்கே ஞாயிறு அன்று டிரில் போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, சத்தமே வரக் கூடாதாம்.

"அப்ப இன்னா செய்வீங்க நாள் பூரா?"

"ஓட்டை போட வேண்டிய எடத்துல பென்சில்ல புள்ளி வெச்சுக்குவேன்."

போனைத் திருப்பிக் காட்டினான். சுவர் முழுக்கப் புள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் வண்டி ஓட்டும்போது அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை. அவ்வளவு புள்ளி வைக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த அரிப்பு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெரிய வெள்ளம் வந்த வருஷம் அவன் ஜெர்மனிக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முடிச்சூரில் விடிவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. டீச்சரம்மாவை நாங்கள்தான் கையைப் பிடித்து எங்கள் மாடிக்குக் கூட்டிவந்தோம். மாடியில் பதினோரு பேர். இருந்த பிஸ்கட்டை அவர்தான் எண்ணி, ஆளுக்கு இத்தனை, வேளைக்கு இத்தனை என்று பிரித்தார். ஒரு போனும் வேலை செய்யவில்லை. நாலாவது நாள் யாரோ ஒருவர் போனுக்கு உயிர் வந்து, டீச்சரம்மா பிள்ளைக்குப் பேசினார்.

"நான் நல்லா இருக்கேன்பா."

அந்தப் பக்கம் அவன் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "எவ்ளோ நல்லா இருக்கம்மா?"

பீரோ போய், புடவை போய், நாற்பது வருஷ போட்டோ எல்லாம் சேறாகி நின்ற அம்மா, "முழுசா" என்றார்.

அவன் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவன் எதையும் சொல்லிக் கேட்டு நம்பியதில்லை. ஒவ்வொரு லீவுக்கும் அந்த வீட்டில் ஒரு கண்ணோ காதோ கூடியது. மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று ஒன்று சொல்லும். வாசலில் தண்ணீர் ஏறினால் கத்த ஒன்று. மருந்துப் பெட்டி நேரத்துக்கு டிங் என்று அடிக்கும். எல்லாத் தகவலும் அவன் போனுக்குப் போகும், அவன் ஒருவனுக்கு மட்டும். நான் ஒருமுறை, "என் போனுக்கும் அந்தத் தகவல் வர்ற மாதிரி செஞ்சா நான் கிட்ட இருந்து பாத்துக்குவனே தம்பி" என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்குண்ணா தொல்லை? எனக்கு முதல்ல தெரிஞ்சா போதும், நான் உங்களைக் கூப்பிட்டுக்கறேன்" என்றான்.

கூப்பிட்டான். ஒரு ஐப்பசி மதியம், நான் பொழிச்சலூரில் ஒரு வீட்டில் மெஷினைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்த நேரம். வெளியே இடி, மழை.

"அண்ணா, எல்லாம் செத்துப் போச்சு. ஒண்ணு விடாம. அம்மா போனும் எடுக்கல. கொஞ்சம் போய்ப் பாருங்கண்ணா. இப்பவே."

அந்தக் குரலைக் கேட்டு மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அந்த வீட்டுக்காரம்மா, "இன்னா அண்ணா இது, பேஜாரா போச்சு" என்று பின்னால் கத்தியது. தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் மூன்று முறை வண்டி நின்றது. முடிச்சூர் ரோட்டில் முட்டியளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். டீச்சரம்மா கூடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த அத்தனை பிளக்கும் பிடுங்கப்பட்டு, ஒயரெல்லாம் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, மேசை மேல் வரிசையாக இருந்தன. போனைச் சுவிட்ச் ஆஃப் செய்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

"இடி இடிச்சா பிளக்கைப் புடுங்கணும்ப்பா. ஒவ்வொண்ணும் அவன் பாத்துப் பாத்து வாங்குனது. ஒண்ணு புகைஞ்சா அவன் மனசு தாங்குமா?"

வெள்ளம் வந்தால் சொல்வதற்கென்று வைத்த சாமான்கள். மழை வந்ததும் முதல் வேலையாக அவற்றை அவர் காப்பாற்றிவிட்டார். வீடியோவில் அவனிடம் காட்டினேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். முகம் வெளுத்திருந்தது. அம்மாவைப் பார்த்து, "ஒன்றரை மணி நேரம்மா" என்றான். "ஒன்றரை மணி நேரம் நீ இருக்கியா இல்லியான்னு எனக்குத் தெரியாது."

அடுத்த வாரமே பேச்சு வந்தது. கேளம்பாக்கத்தில் வயசானவர்களுக்கென்று கட்டிய ஃபிளாட்டுகள் இருக்கின்றன. நர்ஸ், சாப்பாடு, கோயில், நடக்கப் பாதை எல்லாம் உள்ளேயே. அங்கே போய்விடு என்றான் அவன். இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் என்றார் அம்மா. சுவரில் வெள்ளக்கறை அவர் இடுப்பளவில் இன்னும் இருந்தது. இரண்டு முறை வெள்ளையடித்தும் அது போகவில்லை. இந்த வீட்டை நான் ஒருத்தியாகக் கழுவி நிமிர்த்தியிருக்கிறேன், இதைவிட்டு எங்கே போவது என்று கேட்டார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இங்கேயே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு தடவை அவனுக்குத் தெரியாமல் ஏதாவது நடந்தால், மறு பேச்சு இல்லை, கேளம்பாக்கம்தான். அதற்கடுத்து அவன் வந்த லீவில்தான் ஃபிரிட்ஜ் கதவு ஏற்பாடு. நான் ஸ்டூல் பிடித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பச்சை விளக்கு வந்த பிறகு டீச்சரம்மா எழுந்திருக்கிற நேரமே மாறிவிட்டது. ஆறரைக்கு எழுகிறவர் ஐந்தேமுக்காலுக்கு எழுந்தார். ஏன் என்று கேட்டேன். "நமக்கு ஆறு மணின்னா அவனுக்கு ராத்திரி ஒண்ணரை, ரெண்டரை. அந்த வெளிச்சத்தைப் பாக்கறதுக்குன்னு முழிச்சுக்கறானாம்பா. பாத்துட்டுத்தான் மறுபடி தூக்கம் வருதாம். நான் சீக்கிரம் திறந்தா அவன் சீக்கிரம் படுப்பான்."

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலம். டீச்சரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் தானே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜைத் திறந்து மூடிவிட்டு, வந்து படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் என் பெண்டாட்டி ரசம் கொண்டுபோனபோது எழுந்திருக்கவே முடியவில்லை. ஆட்டோ வைத்துத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருக்கின்றன, இரண்டு மூன்று நாள் இருக்கட்டும் என்றார்கள்.

"தம்பிக்குச் சொல்லிடட்டா டீச்சரம்மா?"

"சொன்னா கேளம்பாக்கம்."

டிரிப்ஸ் ஏறாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ சாவி வெச்சிருக்க இல்ல? நாளைக்குக் காலைல ஆறு எட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திற. மறுநாள் ஆறு பன்னெண்டு. அதுக்கு மறுநாள் ஆறு அஞ்சு. ஒரே நேரத்துக்குத் திறக்காதே, மெஷின் மாதிரி இருக்கும். ஆறரைக்கு மோட்டார் போடு. எட்டு மணிக்கு மருந்துப் பெட்டி டிங்னா மூடியைத் திறந்து மூடு. அப்பறம் சாயந்திரம்…" மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் டைம்டேபிள் போட்டுக் கொடுத்தார். காய்ச்சலிலும் கோடு நேராக இருந்தது.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தம்மாவுக்கு வீடு போய்விடுமே என்ற பயம் கண்ணில் அப்படி இருந்தது. அவனிடம் போனில் பேசும்போது, "வீடியோ வேணாம்ப்பா, கண்ணு கூசுது" என்று சொல்லிச் சமாளித்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமியதற்கு, "டிவி" என்றார்.

இரண்டு நாள் காலையில் போய்த் திறந்தேன். திருடன் மாதிரி இருந்தது. யாருமில்லாத சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றால் கை எதையாவது தேடும். புளித்துப் பொங்கிய மாவு, வாடிப்போன கொத்தமல்லி, பாதி எலுமிச்சம்பழம். இதையெல்லாம் எடுத்துப் போடலாமா, போட்டால் தப்பா என்று யோசித்துவிட்டு மூடினேன்.

இரண்டாம் நாள் மதியம் போன் வந்தது. வீடியோ இல்லை, வெறும் குரல்.

"அண்ணா, எங்க அம்மா எங்க?"

"வூட்லதான் தம்பி. இப்பக்கூடப் பாத்தனே."

"எங்க அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தா நாலு செகண்ட்ல மூடிடுவாங்க. கரண்ட் பில்லு ஏறும்னு. ரெண்டு வருஷமா நாலு, மூணு, அஞ்சு. அதுக்கு மேல போனதே இல்ல. நேத்து நாப்பத்தோரு செகண்ட் திறந்து கிடந்துச்சு. இன்னைக்கு முப்பத்தெட்டு." கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "அவ்ளோ நேரம் ஃபிரிட்ஜுக்குள்ள பாத்து யோசிக்கிறவரு நீங்க ஒருத்தர்தாண்ணா. எங்க அம்மா உயிரோட இருக்காங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, டைம்டேபிள், டிவி என்று சொன்ன இருமல் வரைக்கும். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் டீச்சரம்மா வீடு திரும்பினார். நாலாம் நாள் காலை அவன் வந்து இறங்கினான். தோளில் ஒரே ஒரு பை. ஒயர் இல்லை, பெட்டி இல்லை. வாசலில் நின்ற என்னைத் தாண்டி உள்ளே போனான். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். மீட்டரை எடுக்கவில்லை. அன்று முழுக்க அவன் ஸ்டூலில் ஏறவில்லை, சுவரைத் தட்டவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். என் பெண்டாட்டி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "இந்தப் பையன் இப்டி நடக்கறதைப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்றாள்.

மறுநாள் கார் வந்தது. "நீங்களும் வாங்கண்ணா" என்றான். அந்தப் போனுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. டீச்சரம்மா பின் சீட்டில் ஏறினார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று இருந்தது அவர் முகம். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம்.

இடம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. அகலமான தாழ்வாரம், கைப்பிடி வைத்த சுவர், வழுக்காத தரை. அங்கே வேலை செய்கிற ஒரு பெண் எங்களைப் பார்வைக்கென்று வைத்திருந்த ஒரு ஃபிளாட்டுக்குக் கூட்டிப் போனாள். கட்டிலில் மெத்தை மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ரூமுக்கு நாலு சென்சார் சார். பாத்ரூம்ல இந்தச் செவப்புக் கயிறு. இழுத்தா நர்ஸ் ரூம்ல அடிக்கும். அதே நிமிஷம் வெளிநாட்டுல இருக்கிற பசங்க போன்லயும் அடிக்கும்."

அவன் நிமிர்ந்தான். "கரண்ட் போனா?"

"பேட்டரி இருக்கு சார்."

"நெட்டு போனா?"

"தனி சிம் போட்டிருக்கு சார்."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"பன்னெண்டு மணி நேரம் சார்."

அவனுடைய 'எவ்ளோ'வுக்குக் கூசாமல் பதில் சொன்ன முதல் மனுஷி அவள்தான். வந்ததிலிருந்து இறுகியிருந்த முகம் கொஞ்சம் தெளிந்தது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தான், எங்கிருந்து எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தான். டீச்சரம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார், "பசங்க போன்ல அடிக்கிறதா சொன்னியே, அதை மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா?"

"ஏன் மேடம்? எல்லாரும் அது இருக்கான்னுதான் கேக்கறாங்க."

"நிறுத்த முடியும்னா சொல்லு. நான் இன்னைக்கே வந்துடறேன்."

"என்னம்மா பேசற நீ?" என்றான் அவன்.

டீச்சரம்மா கட்டிலில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. "நான் இங்க விழுந்தா இந்தப் பொண்ணு ஓடி வரும். நீ அங்க என்னடா பண்ணுவ? உக்காந்து நடுங்குவ. வெள்ளத்தப்போ எனக்கு வந்தது இடுப்பளவு தண்ணி, மூணு நாள்ல வடிஞ்சுது. உனக்கு இன்னும் வடியல."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவர் கையைத் தூக்கினார். வகுப்பில் தூக்கியிருப்பாரே, அப்படி.

"ஜுரத்துல நான் பண்ணது தப்புதான். இவனையும் பொய் சொல்ல வெச்சேன். வீட்டை விட்டுப் போகணுமேங்கற பயத்துல பண்ணேன்னு நினைக்கிற. பாதி அதுக்கு. மீதிப் பாதி, நீ தூங்கணும்னு. எனக்கு விழறது பயம் இல்ல. நான் விழுந்தா மொதல்ல உனக்குத் தெரியும்ங்கிறதுதான் பயம்."

அந்தப் பெண், "நான் கொஞ்சம் வெளியில இருக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். எனக்கும் நகர வேண்டும் போல இருந்தது. கதவோரமாக ஒதுங்கி நின்றேன்.

அவன் ஜன்னலுக்குப் போனான். கதவுக்கு வந்தான். மறுபடி ஜன்னலுக்குப் போனான். வெளியே பார்த்துக்கொண்டே, "வீட்லயே இருந்தா?" என்று கேட்டான். "மொதல்ல யாருக்குத் தெரியணும்?"

டீச்சரம்மா தாடையால் என்னைக் காட்டினார். "ரெண்டு வீடு தள்ளி இருக்கான். ஓடி வர ரெண்டு நிமிஷம். மழைன்னா வண்டிய தள்ளிக்கிட்டாவது வருவான்." கொஞ்சம் நிறுத்தி, "பொய் சொல்லத்தான் வரல. அதுவும் நல்லதுதான்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தரையில் அவன் செருப்பு என்னை நோக்கி வருவது தெரிந்தது. வந்து நின்றது. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அம்மாவுக்குப் பக்கத்தில், அந்த பிளாஸ்டிக் உறை மேல் உட்கார்ந்தான். நான் பார்த்து அவன் தானாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். போனை எடுத்தான். வீட்டுச் சென்சார்கள் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து தகவல் சொல்ல வேண்டும் என்கிற பக்கத்தைத் திறந்தான். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது, அவன் பெயர். கீழே என் பெயரை எழுதினான், நம்பரைப் பார்க்காமலே போட்டான்.

"வீட்டுக்குப் போலாம்மா" என்றான்.

சொல்லிவிட்டு, முதல் இடத்தில் இருந்த தன் பெயரை விரலால் அழுத்திப் பிடித்து, என் பெயருக்குக் கீழே இழுத்து விட்டான்.